ரத்தத்தின் சிவப்பும் இலையின் பச்சையும்: யார் இந்த ஹான்ஸ் ஃபிஷர்?

பாண்டான் இலையைக் கசக்கினால் விரலில் ஒட்டும் பச்சை.

காய்கறி நறுக்கும்போது கத்தி பட்டால் எட்டிப் பார்க்கும் சிவப்பு.

முட்டியில் அடிபட்டு ஒரு வாரம் கழித்து, கன்றிய இடத்தில் தெரியும் மஞ்சள்.

இந்த மூன்று நிறமும் சொந்தக்காரர்கள் என்று சொன்னால் நம்புவீர்களா?

நம்பலாம். மூன்றுக்கும் ஒரே பூர்விகம். அதன் பெயர் போர்ஃபிரின்.

இந்த உறவைப் பரம்பரைப் பட்டியல் போல் எழுதிக் காட்டியவர் ஒரு ஜெர்மானியர். ஹான்ஸ் ஃபிஷர். 1930ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபெல் பரிசு அவருக்குத்தான் கிடைத்தது.

பெயர் கேள்விப்பட்டதில்லையா? பரவாயில்லை. ஆனால் புற்றுநோய் சிகிச்சை, கண் சிகிச்சை, மிட்டாயின் பச்சை நிறம் என்று அவருடைய வேலை இன்றும் நம்மைச் சுற்றி இருக்கிறது. அவருடைய கதையைக் கொஞ்சம் பார்ப்போம், வாங்க.

வேதியியலா, மருத்துவமா?

ஃபிஷர் பிறந்தது 1881 ஜூலை 27. ஊர், மைன் நதிக்கரையில் உள்ள ஹோக்ஸ்ட். இன்று அது ஃபிராங்ஃபர்ட் நகரின் ஒரு பகுதி.

அப்பா சாயத் தொழிலில் இருந்த வேதியியலாளர். ஆக, நிறம் என்பது அந்த வீட்டில் சாப்பாட்டு மேசைப் பேச்சாகவே இருந்திருக்கும்.

உயர்நிலைப் பள்ளி முடித்ததும் உங்களுக்கு வரும் அதே குழப்பம் அவருக்கும் வந்திருக்கலாம். எந்தத் துறையை எடுப்பது? வேதியியலா, மருத்துவமா?

அவர் இரண்டையும் எடுத்தார்.

1904ல் மார்பர்க் பல்கலைக்கழகத்தில் வேதியியலில் முனைவர் பட்டம். 1908ல் முனிக் நகரில் மருத்துவப் பட்டம். பிறகு முனிக்கில் ஒரு மருத்துவ நிலையத்தில் வேலை. அங்கிருந்து பெர்லின். அங்கே அவருக்கு வழிகாட்டியவர் எமில் ஃபிஷர். குடும்பப் பெயர் ஒன்றுதான், ஆனால் சொந்தக்காரர் இல்லை. எமில் ஃபிஷர் 1902லேயே நோபெல் பரிசு வாங்கியவர்.

இரண்டு படிப்பும் வீணாகவில்லை. வேதியியலாளர்கள் பொதுவாகச் சாயத்தைச் சாயமாகத்தான் பார்த்தார்கள். மருத்துவர்கள் அதை நோயின் அறிகுறியாகப் பார்த்தார்கள். ஃபிஷர் இரண்டு கண்ணாலும் பார்த்தார்.

அவர் முதலில் கையில் எடுத்தது பித்தத்தின் மஞ்சள் நிறத்தை. அதன் பெயர் பிலிருபின். மஞ்சள் காமாலை வந்தவர்களின் கண்ணும் தோலும் மஞ்சளாவதற்கு இதுதான் காரணம்.

ஒரு வளையம், நடுவில் ஓர் உலோகம்

சரி, போர்ஃபிரின் என்றால் என்ன?

நான்கு கார்பன் அணு, ஒரு நைட்ரஜன் அணு. ஐந்தும் கைகோத்து ஒரு சின்ன வட்டமாக நிற்பதாகக் கற்பனை செய்யுங்கள். அதற்குப் பெயர் பைரோல்.

அதுபோல் நான்கு சின்ன வட்டங்களை எடுத்து, இடையில் ஒவ்வொரு கார்பனை இணைப்பாக வைத்து, ஒரு பெரிய வளையமாக மாட்டுங்கள். அதுதான் போர்ஃபிரின். ஊதா நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது.

அந்த வளையத்தின் நடுவில் ஓர் உலோக அணு உட்காரும் அளவுக்கு இடம் இருக்கிறது. அங்கே யார் உட்காருகிறார்கள் என்பதில்தான் சூட்சுமம்.

இரும்பு உட்கார்ந்தால் ஹீம். ரத்தத்தின் சிவப்பு. நீங்கள் இழுக்கும் மூச்சில் உள்ள ஆக்சிஜனைப் பிடித்து உடல் முழுக்கக் கொண்டுபோவது அந்த இரும்புதான்.

மெக்னீசியம் உட்கார்ந்தால், வளையத்திலும் சில மாற்றங்களோடு, பச்சையம். இலைகள் சூரிய ஒளியைப் பிடிப்பது இதை வைத்துத்தான்.

மஞ்சள் எப்படி வருகிறது? ரத்தச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழும். பிறகு உடல் அதைப் பிரித்துப் போடும். அப்போது ஹீம் வளையம் ஓரிடத்தில் அறுந்து திறந்துகொள்ளும், இரும்பு வெளியே வந்துவிடும். முதலில் வருவது பச்சை நிற பிலிவெர்டின். அடுத்தது மஞ்சள் நிற பிலிருபின். அடிபட்ட இடம் ஊதாவாகி, பச்சையாகி, மஞ்சளாவது ஏன் என்று இப்போது புரிகிறதா?

இன்று இதைச் சில வரிகளில் சொல்லிவிடலாம். 1910ல் யாருக்கும் இது முழுதாகத் தெரியாது.

1912ல் வில்லியம் கூஸ்டர் என்ற ஜெர்மன் வேதியியலாளர், ஹீம் ஒரு பெரிய வளையமாக இருக்கலாம் என்று வரைந்து காட்டினார். பலர் ஏற்கவில்லை. அவ்வளவு பெரிய வளையம் நிலைக்காது என்பது அன்றைய எண்ணம். ஃபிஷரும் முதலில் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

நோயாளி கற்றுக்கொடுத்த பாடம்

போர்ஃபிரின் இல்லாவிட்டால் உயிர் இல்லை. ஆனால் அது இருக்கக்கூடாத இடத்தில் சேர்ந்தால்?

1912ல் முனிக்கில் ஃபிரிட்ரிக் மெயர்-பெட்ஸ் என்ற மருத்துவர் அதைத் தம் உடம்பிலேயே சோதித்துப் பார்த்தார். ரத்தத்திலிருந்து எடுத்த ஹீமை அமிலத்தால் மாற்றி, இரும்பை நீக்கிச் செய்த பொருள் ஹெமட்டோபோர்ஃபிரின். அதில் 200 மில்லிகிராமைத் தமக்கே ஊசியாகப் போட்டுக்கொண்டார். வெயிலில் போனதும் முகமும் கையும் வீங்கிவிட்டன. இரண்டு மாதத்துக்கும் மேல் அவருக்கு வெயில் ஆகவில்லை.

இதைச் செய்து பார்க்காதீர்கள் என்று சொல்லத் தேவையில்லை, இல்லையா?

அவருக்கு நடந்தது, சிலருக்குப் பிறப்பிலிருந்தே நடக்கிறது. போர்ஃபிரியா என்பது அரிய நோய்களின் ஒரு கூட்டம். ஹீம் செய்யும் வேலை பாதியில் தடைப்பட்டு, அரைகுறைப் பொருள்கள் உடம்பில் தேங்கிவிடும். சில வகைகளில் வெயில் பட்டால் தோல் வெந்து புண்ணாகும். சிறுநீர் சிவப்பாகப் போகும்.

அப்படிப்பட்ட ஒரு நோயாளியை 1915 வாக்கில் ஃபிஷர் ஆராயத் தொடங்கினார். அவர் உடல் வெளியேற்றிய போர்ஃபிரின்களைப் பிரித்து, ஒன்றிலிருந்து மற்றொன்று எப்படி வேறுபடுகிறது என்று கண்டறிந்தார். அந்த நோயாளி பிறகு ஃபிஷரின் ஆய்வுக்கூடத்திலேயே உதவியாளராகவும் வேலை பார்த்தார்.

ஃபிஷருக்கும் நோயின் வலி தெரியும். 1917ல் காசநோயால் அவர் ஒரு சிறுநீரகத்தை இழந்தார். ஆனாலும் மலையேற்றத்தையும் பனிச்சறுக்கையும் அவர் விடவில்லை.

முனிக்கில் ஒரு பட்டறை

1916ல் ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக். 1918ல் வியன்னா. முதல் உலகப் போர் முடிந்த நேரம் அது. ஆராய்ச்சிக்குத் தேவையான பொருள்கள் கிடைப்பதே கஷ்டம்.

1921 ஏப்ரல் 1. முனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கரிம வேதியியல் பேராசிரியர் பொறுப்பு. அவருடைய உண்மையான ஆட்டம் தொடங்கியது அங்கேதான்.

அவருடைய வழி எளிமையானது. ஆனால் மலைக்க வைப்பது. ஒரு பொருளின் அமைப்பு தெரிய வேண்டுமா? முதலில் அதை உடைத்துப் பாருங்கள். என்னென்ன துண்டுகள் கிடைக்கின்றன என்று பாருங்கள். பிறகு அந்தத் துண்டுகளை நீங்களே செய்து, ஒன்றுசேர்த்து, இயற்கையில் இருப்பதோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் நீங்கள் நினைத்தது சரி.

கேட்கச் சுலபம். சிக்கல் எங்கே தெரியுமா?

போர்ஃபிரின் வளையத்தின் வெளிவிளிம்பில் 8 இடங்கள் உண்டு. ஹீமில் அந்த 8 இடங்களிலும் மூன்று விதமான கிளைகள் ஒட்டியிருக்கின்றன. நான்கு ஒரு வகை, இரண்டு இன்னொரு வகை, மீதி இரண்டு மூன்றாம் வகை. எது எந்த இடத்தில்?

ஒவ்வொரு பைரோலிலும் முதல் வகைக் கிளை ஒன்று இருக்கும் என்று வைத்துக்கொண்டாலும், 15 விதமாக அடுக்கலாம். பதினைந்தும் பார்க்க ஏறக்குறைய ஒரே மாதிரி. இயற்கை அதில் ஒன்றைத்தான் பயன்படுத்துகிறது.

ஃபிஷர் அந்தப் பதினைந்துக்கும் எண் போட்டுப் பட்டியலிட்டார். மாணவர்களைப் பிரித்துவிட்டார். ஆளுக்கு ஒரு வேலை. ஒவ்வொன்றாகச் செய்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இன்றுபோல் மூலக்கூறின் படத்தைக் காட்டும் கருவிகள் கிடையாது. உருகும் வெப்பநிலை, படிகத்தின் வடிவம், எந்த ஒளியை உறிஞ்சுகிறது என்பன போன்ற தடயங்கள்தான் கையில்.

விடை, பட்டியலில் ஒன்பதாவது.

இன்றும் மருத்துவ உலகம் அதைப் புரோட்டோபோர்ஃபிரின் ஒன்பது என்றுதான் அழைக்கிறது. ஒரு பேராசிரியர் தம் பட்டியலில் போட்ட வரிசை எண், நூறு ஆண்டு நெருங்கியும் மாறவில்லை.

1929ல் கடைசிப் படி. சின்னச் சின்ன பைரோல்களை முதலில் இரண்டிரண்டாக இணைத்தார்கள். ஜோடிகளைச் சேர்த்து வளையமாக்கினார்கள். ஓரங்களில் கிளைகளைப் பொருத்தினார்கள். நடுவில் இரும்பை உட்கார வைத்தார்கள். கிடைத்தது ஹீமின். ரத்தத்திலிருந்து எடுக்கும் ஹீமின் படிகத்துக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை.

உயிருள்ள எதன் உதவியும் இல்லாமல், ரத்தத்தின் நிறம் கண்ணாடிக் குடுவையில் பிறந்தது.

கூஸ்டர் வரைந்த வளையம் சரிதான் என்பதும் உறுதியானது. அதே 1929ல்தான் கூஸ்டர் காலமானார்.

ஒரே மேடையில் ராமனும் ஃபிஷரும்

1930 டிசம்பர், ஸ்டாக்ஹோம்.

வேதியியல் பரிசு ஃபிஷருக்கு. ஹீமின், பச்சையம் இரண்டின் அமைப்பையும் ஆராய்ந்ததற்காக, குறிப்பாக ஹீமினைச் செய்து காட்டியதற்காக.

அந்த ஆண்டின் மருத்துவப் பரிசு கார்ல் லாண்ட்ஸ்டைனருக்கு. மனிதர்களின் ரத்தப் பிரிவுகளைக் கண்டறிந்தவர் அவர். உங்கள் ரத்தம் ஏ, பி, ஓ என்று அட்டையில் எழுதியிருப்பது அவரால்தான்.

இயற்பியல் பரிசு யாருக்கு? திருச்சிராப்பள்ளி அருகே பிறந்த சர் சி. வி. ராமனுக்கு.

ரத்தத்தின் பிரிவு, ரத்தத்தின் நிறம், ஒளி சிதறும் விதம். மூன்றும் ஒரே ஆண்டு. ராமனும் ஃபிஷரும் தங்கள் நோபெல் உரையை ஆற்றியதும் ஒரே நாள்தான், டிசம்பர் 11.

அடுத்தது பச்சை

பரிசு வாங்கியதும் ஓய்வெடுத்தாரா? இல்லை. இலையின் பக்கம் திரும்பினார்.

பச்சையத்தில் மெக்னீசியம் இருப்பதை ஏற்கெனவே ரிச்சர்ட் வில்ஸ்டேட்டர் காட்டியிருந்தார். அதற்காக அவருக்கு 1915ல் நோபெல் பரிசு. ஆனால் முழு அமைப்பு தெரியவில்லை. ஃபிஷரின் குழு 1930களில் அதை ஒவ்வொரு கிளையாகக் கண்டுபிடித்தது.

அந்த மெக்னீசியத்தை நீங்களும் அன்றாடம் பார்க்கிறீர்கள். கீரையை நீண்ட நேரம் வேகவைத்தால் பளிச்சென்ற பச்சை போய் மங்கலாகிவிடும் அல்லவா? கீரையிலேயே இருக்கும் அமிலம் மெக்னீசியத்தை வெளியே தள்ளிவிடுகிறது. அவ்வளவுதான் விஷயம்.

உணவுத் தொழில் இதற்கு ஒரு மாற்று வழி வைத்திருக்கிறது. வெளியேறிய மெக்னீசியத்தின் இடத்தில் செம்பை உட்கார வைப்பது. செம்பு சுலபத்தில் இடத்தைக் காலி செய்யாது. சூடு பட்டாலும் பச்சை நிற்கும். மிட்டாய்ப் பொட்டலத்தில் நிறத்துக்கான எண் 141 என்று போட்டிருந்தால், அது இதுதான்.

ஃபிஷரின் மாணவர் ஆல்ஃபிரட் டிரைப்ஸ் இன்னொரு திசையில் போனார். 1930களில் கச்சா எண்ணெயில் போர்ஃபிரினைத் தேடினார். கிடைத்தது! நடுவில் வனேடியம் உட்கார்ந்திருந்தது. பச்சையத்தின் மிச்சம் என்று அவர் சொன்னார். எண்ணெய் எப்போதோ வாழ்ந்த உயிர்களிலிருந்து வந்தது என்பதற்கு அது வலுவான சான்று. பெட்ரோல் நிலையத்தில் நிற்கும்போது யோசித்துப் பாருங்கள்.

இதற்கிடையே ஃபிஷர் தாம் கண்டதையெல்லாம் பைரோல் வேதியியல் பற்றிய மூன்று பெரிய புத்தகங்களாக்கினார். 1934 முதல் 1940 வரை அவை வெளிவந்தன. 1935ல் திருமணமும் செய்துகொண்டார்.

இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோதும் வேலை நிற்கவில்லை. இளம் வயதில் தொடங்கிய பிலிருபினைச் செய்து காட்டியது 1940களின் தொடக்கத்தில்தான். ஒரு கேள்விக்கு விடை கிடைக்க முப்பது ஆண்டு!

1945 மார்ச் 31

போரின் கடைசிக் கட்டத்தில் முனிக் நகரம் குண்டுவீச்சில் சிதைந்தது. ஃபிஷரின் ஆய்வுக்கூடமும் தப்பவில்லை.

24 ஆண்டு உழைப்பு. மாதிரிகள், கருவிகள், முடியாமல் இருந்த வேலைகள். பச்சையத்தை முழுதாகச் செய்து முடிப்பது அதில் ஒன்று.

இனி எதுவும் இல்லை என்ற மனநிலைக்கு அவர் வந்துவிட்டார். 1945 மார்ச் 31ஆம் தேதி முனிக்கில் அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 63.

சரியாக ஒரு மாதத்தில் அமெரிக்கப் படை முனிக்குக்குள் வந்தது. மே 8ல் ஐரோப்பாவில் போர் முடிந்தது.

எல்லாம் அழிந்துவிட்டது என்று அவருக்குத் தோன்றியது. ஆனால் அப்படி அழியவில்லை. அவருடைய புத்தகங்கள் உலகெங்கும் நூலகங்களில் இருந்தன. அவரிடம் படித்தவர்கள் இருந்தார்கள்.

1960ல் அமெரிக்காவில் ராபர்ட் உட்வர்ட் குழு பச்சையத்தைச் செய்து முடித்தது. அதே ஆண்டு முனிக்கிலும் ஒரு குழு அந்த இலக்கை எட்டியது. அதை வழிநடத்திய மார்ட்டின் ஸ்ட்ரெல், ஃபிஷரின் மாணவர். ஆசிரியர் போட்ட பாதையில்தான் அவர் நடந்தார்.

(உங்களுக்கோ உங்களுக்குத் தெரிந்தவருக்கோ இப்படிப்பட்ட எண்ணம் வந்தால், தயங்காமல் நம்பிக்கையான ஒருவரிடம் பேசுங்கள். உதவி எண்கள் 24 மணி நேரமும் உண்டு.)

இன்று நமக்கு என்ன பயன்?

நிறைய. சிலவற்றை மட்டும் பாருங்கள்.

புற்றுநோய் சிகிச்சை: மெயர்-பெட்ஸைச் சுட்ட அதே ஹெமட்டோபோர்ஃபிரினை இன்னும் மாற்றி மருந்தாக்கினார்கள். ஊசி போட்டு, கட்டி இருக்கும் இடத்தில் மட்டும் ஒளியைப் பாய்ச்சினால், அங்குள்ள ஆக்சிஜன் வீரியம் பெற்று புற்றுநோய் அணுக்களைக் கொல்லும். 1993ல் கனடா இதை முதலில் அனுமதித்தது. மருந்து எடுத்தவர்கள் சில வாரங்களுக்கு வெயிலில் போகக்கூடாது. காரணம் இப்போது உங்களுக்கே தெரியும்.

கண் சிகிச்சை: விழித்திரையின் நடுப்பகுதிக்கு அடியில் வேண்டாத ரத்தநாளங்கள் வளர்ந்தால் பார்வை போகும். அவற்றை அடைக்க வெர்டிபோர்ஃபின் என்ற மருந்து 2000ஆம் ஆண்டில் வந்தது. புரோட்டோபோர்ஃபிரினை மாற்றிச் செய்தது அது.

மூளை அறுவை சிகிச்சை: அறுவைக்குச் சில மணி நேரம் முன்பு நோயாளி ஒரு கரைசலைக் குடிப்பார். சில வகை மூளைக் கட்டிகளின் அணுக்கள் அதைப் புரோட்டோபோர்ஃபிரின் ஒன்பதாக மாற்றிச் சேர்த்துவைக்கும். நீல ஒளி காட்டினால் கட்டி இளஞ்சிவப்பாக ஒளிரும். எதை எடுப்பது, எதை விடுவது என்று மருத்துவருக்குத் தெரியும். அமெரிக்கா 2017ல் இதை அனுமதித்தது.

பிறந்த குழந்தைக்குக் காமாலை: நீல விளக்கின் கீழ் படுக்க வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஒளி, பிலிருபினின் வடிவத்தை மாற்றுகிறது. மாறியதும் உடல் அதைச் சுலபமாக வெளியேற்றிவிடும்.

போர்ஃபிரியா: இது முக்கியம். திடீரெனத் தாக்கும் போர்ஃபிரியா வகைகளுக்கு ஊசி மருந்து ஒன்று உண்டு. அமெரிக்காவில் 1983ல் அனுமதி கிடைத்தது. ரத்தத்திலிருந்து தயாராகும் அந்த மருந்தின் பெயர் ஹீமின். ஹீம் போதுமான அளவு இருக்கிறது என்று உடலுக்குத் தெரிந்தால், அரைகுறைப் பொருள்களைச் செய்வதை அது குறைத்துக்கொள்ளும்.

ஆமாம், 1929ல் ஃபிஷரின் குடுவையில் பிறந்தது எதுவோ, அதே பொருள்தான்.

சிவப்புச் சிறுநீரோடு அவருடைய ஆய்வுக்கூடத்துக்கு வந்த அந்த நோயாளியைக் குணப்படுத்த அன்று வழி இல்லை. அவருடைய அரிய வகைக்கு இந்த ஊசியும் பொருந்தாது. ஆனால் போர்ஃபிரியாவின் வேறு வகைகளால் துடிப்பவர்களுக்கு, இன்று மருத்துவமனை அலமாரியில் ஒரு மருந்து இருக்கிறது.

நிலவின் மறுபக்கத்தில் ஒரு பள்ளத்துக்கு ஃபிஷர் என்று பெயர். ஆசிரியர் எமில், அவரிடம் வேலை பார்த்த ஹான்ஸ், இருவரின் நினைவாகவும் வைத்தது. பூமியில் அவரைத் தேட வேண்டுமென்றால் தொலைவு போக வேண்டாம். அடுத்த முறை ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது, குழாயில் ஏறும் சிவப்பைக் கொஞ்சம் நின்று பாருங்கள்.